கறுப்பு மணலும் கிணற்றுத் தண்ணீரும்



சென்ற மாதக் குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். “தங்கச்சி, தண்ணியில இருக்கிற மருந்தை வெயிலில வைச்சு அழிக்கிற பவுடர் ஒண்டு இருக்காம். என்ரை கிணத்துக்குப் போடலாமோ?”

அவருடைய கிணறு வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில். சுற்றிவரப் பசளையும் பூச்சிமருந்தும். வீட்டில் நாலு மாதப் பேரக்குழந்தை. நான் படித்தது சமூகவியல். விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு சரி. எனவே வாசித்தும் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததையே இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பவுடர் டைட்டேனியம் ஈரொட்சைட்டு. அதில் ஒளி பட்டால் தண்ணீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியும் என்று 1972இல் யப்பானின் புஜிஷிமா, ஹொண்டா என்ற இருவர் எழுதினார்கள். ஒளி படும்போது அதிலுள்ள இலத்திரன் ஒன்று துள்ளி எழும்புகிறது. அது விட்டுப்போன வெற்றிடம் தண்ணீரைத் தாக்கி, மிகத் தீவிரமான ஒரு துணிக்கையை உண்டாக்கும். அதுவே சாயத்தையும் பல பூச்சிமருந்துகளையும் சிறிது சிறிதாக உடைக்கிறது. பவுடர் தான் செலவாவதில்லை. ஊக்கியாக மட்டும் நிற்கும். எத்தனை கிடுகு பின்னினாலும் கை அப்படியே இருப்பதுபோல என்று கூட்டத்தில் விளக்கினேன். “எங்கட கை தேயேல்லை எண்டு ஆர் சொன்னது?” என்று ஒருவர் கேட்க எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

ஐதரசன் எரிந்தால் கரிப்புகை இல்லை, தண்ணீர்தான் வரும். அதனால்தான் உலகம் இதன் பின்னால் ஓடுகிறது. 2021இல் தோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டோமென் குழுவினர் 100 சதுர மீற்றர் பரப்பில், இதற்கு உறவான இன்னோர் ஒட்சைட்டை வைத்து ஐதரசன் எடுத்துக் காட்டினார்கள். வெயிலின் சக்தியில் கூடியது 0.76 வீதமே ஐதரசனாயிற்று. நூறு ரூபாய்க்கு எழுபத்தாறு சதம்! இவ்வகை ஒட்சைட்டுகள் ஊதா கடந்த கதிரை மட்டுமே பிடிக்கின்றன. வெயிலில் அது ஏறக்குறைய 5 வீதந்தான்.

இந்த டைட்டேனியம் புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலிலும் இருக்கிறது. இல்மனைற்று என்பார்கள். கொக்கிளாயிலிருந்து சிறுவயதில் இடம்பெயர்ந்த ஓர் அம்மா, “அந்த மணலோ? மத்தியானத்தில கால் வைக்கேலாது, அப்பிடிச் சுடும்” என்றார். பெரும்பாலும் அது மணலாகவே கப்பலேறிப் போகிறது.

அக்காவுக்கு நான் சொன்ன பதில், “வேண்டாம்” என்பதே. ஆழக் கிணற்றுக்குள் வெயில் போதியளவு இறங்காது. மாப்போன்ற பவுடரைத் தண்ணீரிலிருந்து திரும்ப எடுப்பதும் சிரமம். முக்கியமாக, பசளையால் சேரும் நைத்திரேற்றும், உப்பும் இதனால் போகமாட்டா. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமப்பதை அது தடுத்து, உடல் நீலம்பாரிக்கச் செய்யலாம். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம், முகிலென்றால் இரண்டு நாள், தெளிந்த தண்ணீரைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் போத்தலில் வைத்தால் நோய்க்கிருமிகள் சாகும். ஆனால் அது கிருமிக்கு மட்டும். மருந்துக்கும் பசளைக்கும் அல்ல.

பி.எச்.ஐ. ஐயாவிடம் விசாரித்து, கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. பேரனுக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்று குடும்பநல உத்தியோகத்தர் அக்காவுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “விக்கலுக்கு ஒரு கரண்டி தண்ணியும் குடுக்கக் கூடாதோ?” என்று அவர் இன்னமும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.