ஒரு கொட்டையை நம்பி ஒரு நாடு

பாயசத்தில் மிதக்கும் முந்திரி எந்த ஊர் மரத்தில் காய்த்தது என்று கேட்டால், ‘பண்ருட்டி’ என்று சட்டென்று சொல்லிவிடுவோம். திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டுக்காரர்கள், ‘ஏன், எங்க ஊர் கொல்லாங்கொட்டைக்கு என்ன குறைச்சல்?’ என்று சண்டைக்கு வருவார்கள். இரண்டு ஊரும் சேர்ந்தாலும் நம் நாட்டின் பசிக்குப் போதாது. இந்தியத் தொழிற்சாலைகள் உடைக்கும் முந்திரிக்கொட்டையில் ஏறத்தாழ பாதி, கப்பலேறி வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு மேற்கு ஆப்பிரிக்காவில் விளைந்தது. அந்தக் கொட்டை வந்து இறங்கும் முக்கியமான வாசல்களில் ஒன்று, நம் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம்.

ஐவரி கோஸ்ட், கானா, பெனின் என்று கொட்டை அனுப்பும் நாடுகள் பல. அவற்றில் ஒரு நாட்டின் கதை மட்டும் தனி. முந்திரி விற்றால்தான் அங்கே உலை கொதிக்கும். அதன் பெயர் கினி-பிசாவு.

கேரளாவைவிடச் சிறியது

ஆப்பிரிக்க வரைபடத்தில் மேற்குப் பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும் பகுதியைப் பாருங்கள். செனகலுக்கும் கினிக்கும் நடுவில், அட்லாண்டிக் கடலோரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது இந்த நாடு. பரப்பு 36,125 சதுர கிலோமீட்டர். நம் கேரளாவைவிடக் கொஞ்சம் சிறியது. மக்கள் தொகை சுமார் 20 லட்சம். 2011 கணக்கெடுப்பில் தூத்துக்குடி மாவட்டத்தில் மட்டும் பதினேழரை லட்சம் பேர் இருந்தோம். ஒரு நாட்டின் ஜனத்தொகை, ஏறக்குறைய நம் ஒரு மாவட்டத்தின் அளவுதான்.

மலை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. நாட்டின் மிக உயரமான இடம்கூட 300 மீட்டரைத் தொடாது. கெபா, கசேவு, கொருபால் என்று ஆறுகள். கடல் ஓதம் ஏறும்போது உப்புத்தண்ணீர் இந்த ஆறுகளுக்குள் வெகுதூரம் புகுந்துவிடும். கரையெல்லாம் அலையாத்திக் காடு. கடலுக்குள் பிஜாகோஸ் என்ற தீவுக்கூட்டம், சிறிதும் பெரிதுமாக 88 தீவுகள். நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் போல இதுவும் பாதுகாக்கப்படும் கடல்பகுதி. 2025-ல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது. அங்கே ஒராங்கோ தீவில், நீர்யானைகள் கடல் தண்ணீருக்குள் இறங்கித் திரிவதைப் பார்க்கலாம்.

பலாண்டா, ஃபூலா, மாண்டிங்கா, பெப்பெல், மஞ்சாகு எனப் பல இனத்தார் அங்கே வாழ்கிறார்கள். ஆளுக்கொரு தாய்மொழி. சந்தையில் எல்லாரும் பேசிக்கொள்வது கிரியோல். அரசு மொழி போர்ச்சுக்கீசியம்.

ஜன்னலும் சாவியும் வந்த வழி

போர்ச்சுக்கீசியம் என்றதும் தூத்துக்குடிக்காரர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. நாம் தினமும் சொல்லும் ஜன்னல், மேசை, சாவி, அலமாரி எல்லாம் அந்த மொழி விட்டுப்போன சொற்கள்தான். 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையைப் பிடித்து வைத்திருந்த அதே போர்ச்சுக்கீசியர்தான், கினி-பிசாவுக் கரையிலும் கோட்டை கட்டினார்கள். இங்கே அவர்கள் கண் முத்தின்மேல். அங்கே அவர்கள் விற்றது மனிதர்களை. கசேவு என்ற ஆற்றங்கரை ஊரிலிருந்து கப்பல் கப்பலாக அடிமைகளை ஏற்றிப் போனார்கள்.

முந்திரியும் அவர்கள் கைங்கரியமே. பிரேசிலில் இருந்த மரத்தை இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள், ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த கதைக்கும் தொடக்கம் அவர்கள்தான் என்பார்கள்.

தூத்துக்குடியிலிருந்து 1658-லேயே டச்சுக்காரர்கள் அவர்களை விரட்டிவிட்டார்கள். கினி-பிசாவு மக்களோ 20-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமில்கார் கப்ரால் என்ற வேளாண் பொறியாளர் 1956-ல் விடுதலைக் கட்சியைத் தொடங்கினார். 1963-ல் ஆயுதப் போர் வெடித்தது. 1973 ஜனவரியில் கப்ரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் நாடு சுதந்திரத்தை அறிவித்தது. 1974 செப்டம்பரில் போர்ச்சுக்கல் அதை ஏற்றுக்கொண்டது. அதற்கு இரண்டு மாதம் முன்னால், 1974 ஜூலையில்தான் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது!

நாற்காலி நிலைக்காத நாடு

சுதந்திரம் வந்தது, அமைதி வரவில்லை. 1980-ல் ராணுவப் புரட்சி. 1998-ல் உள்நாட்டுப் போர். 2003-லும் 2012-லும் மறுபடி புரட்சி. 2009 மார்ச்சில் ராணுவத் தலைவர் ஒருநாள் கொல்லப்பட, அடுத்த நாளே அதிபர் வியேராவும் கொல்லப்பட்டார். தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் ஒருவர் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை முழுதாக முடித்ததே 2019-ல்தான் முதல்முறை. 2025 நவம்பரில் தேர்தல் நடந்தது. முடிவு வரவிருந்ததற்கு முந்தின நாள், ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது.

இத்தனை குழப்பத்திலும் ஒன்று மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கிறது. மார்ச், ஏப்ரல் வந்தால் முந்திரி பழுக்கும்.

அரிசிக்குக் கொட்டை

பலாண்டா மக்கள் கைதேர்ந்த நெல் விவசாயிகள். அலையாத்திக் காட்டுச் சேற்றில் வரப்பு எழுப்பி, உப்புத்தண்ணீரைத் தடுத்து, மழைநீரால் உப்பைக் கழுவி நெல் போட்டவர்கள். ஒரு காலத்தில் அரிசியை வெளியூருக்கு விற்ற பூமி அது. விடுதலைப் போரில் வரப்புகள் பல பாழாயின. 1980-களுக்குப் பிறகு, செலவும் பாடும் குறைந்த முந்திரி மரம் காடுமேடெல்லாம் பரவியது.

இன்று அந்நாட்டு ஏற்றுமதி வருமானத்தில் சுமார் 90 சதவீதம் முந்திரிக்கொட்டையிலிருந்து வருகிறது. பழத்தைப் பிழிந்து பெண்கள் மது காய்ச்சி விற்கிறார்கள். அந்தக் காசு அவர்கள் கையில் நிற்கும். கொட்டை வியாபாரிக்குப் போகும். பல கிராமங்களில் அதற்கு ஈடாகக் கிடைப்பது அரிசி. அந்த அரிசியில் பெரும்பகுதி ஆசியாவிலிருந்து கப்பலில் போனது.

பருவத் தொடக்கத்தில் அரசு ஒரு விலையை அறிவிக்கும். உண்மையான விலையைத் தீர்மானிப்பது இந்தியாவிலும் வியட்நாமிலும் இருக்கும் வாங்குபவர்கள். கொட்டை விலை இறங்கி அரிசி விலை ஏறினால், அந்த ஆண்டு வீட்டில் ஒருவேளை அடுப்பு எரியாது. 2023 ஜூலையில் நம் அரசு வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, நமக்கு அது உள்நாட்டு விலைவாசிச் செய்தி. அரிசியை வாங்கிச் சாப்பிடும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அது சாப்பாட்டுக் கவலை.

அண்டி ஆபீஸ் கணக்கு

காய்ந்த கொட்டை மூட்டை மூட்டையாகக் கன்டெய்னரில் ஏறி, வழியில் கப்பல் மாறி, வாரக்கணக்கில் பயணம் செய்து தூத்துக்குடிக்கு வருகிறது. இங்கே ஒரு கணக்கு உண்டு. 80 கிலோ மூட்டையை உடைத்தால் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பதுதான் தரம். கினி-பிசாவுக் கொட்டைக்கு இதில் நல்ல பெயர். 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ கிடைக்கும்.

அங்கிருந்து லாரியில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் கொல்லத்துக்கும் போகும். குமரி மாவட்டத்தில் முந்திரித் தொழிற்சாலையை ‘அண்டி ஆபீஸ்’ என்பார்கள். வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆவியில் வேகவைத்து, உடைத்து, உலர்த்தி, தோல் உரித்து, தரம் பிரிப்பார்கள். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். முழுப்பருப்பு உடையாமல் வந்தால்தான் நல்ல விலை. கடையில் டபிள்யூ-240, டபிள்யூ-320 என்று பார்க்கிறோமே, ஒரு பவுண்டுக்கு அத்தனை முழுப்பருப்பு என்று அர்த்தம். எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலையும் பெரிது.

ஒரே கொட்டை. அங்கே விளைவித்தவருக்கு அரிசி. இங்கே உடைத்தவருக்குக் கூலி. கொட்டை பருப்பாகிப் பாக்கெட்டில் ஏறும்போது விலை பலமடங்கு. அந்த ஏற்றத்தில் கினி-பிசாவுக்குப் பங்கு கிடையாது.

‘அவர்களே உடைத்துக்கொள்ளலாமே?’ என்று கேட்கலாம். ஆலை வைக்க மின்சாரம் வேண்டுமே. சில ஆண்டுகள் தலைநகர் பிசாவுக்கு விளக்கெரிந்ததே, கரையோரம் நின்ற துருக்கி நாட்டு மின் உற்பத்திக் கப்பலால்தான். 2023 அக்டோபரில் கட்டண பாக்கிக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள், ஊர் இருண்டது. ஆட்சி எப்போது கவிழும் என்று தெரியாத இடத்தில் ஆலைக்கு முதல் போடவும் யாரும் துணிய மாட்டார்கள்.

அக்கம்பக்கத்து நாடுகள் விழித்துக்கொண்டன. பெனின், 2024 ஏப்ரல் முதல் உடைக்காத கொட்டையை வெளியே அனுப்பத் தடை விதித்தது. உலகிலேயே அதிகம் விளைவிக்கும் ஐவரி கோஸ்ட், உள்ளூர் ஆலைகளுக்குச் சலுகை கொடுத்து வளர்க்கிறது.

இதை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? அங்கே ஆலை திறந்தால் இங்கே அண்டி ஆபீஸ் பெண்களுக்கு வேலை குறையலாம். வியட்நாமின் இயந்திரங்களோடு போட்டிபோட முடியாமல் கொல்லத்தில் ஏற்கெனவே பல ஆலைகள் மூடிக்கிடக்கின்றன. அந்தப் பயம் பொய்யில்லை.

ஆனால் கொட்டை இறங்கும் துறைமுகத்தின் பெயரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நம் சரக்கு நம் கப்பலில் போகட்டும், லாபம் நம் மண்ணில் நிற்கட்டும் என்று 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர் வ.உ.சி. ‘காலியா’, ‘லாவோ’ என்ற கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டியதற்கு அவர் கொடுத்த விலை சிறைவாசம். கினி-பிசாவு விவசாயி இன்று கேட்பதும் அதே நியாயம்தான். அதைத் தவறென்று சொல்ல இந்த ஊருக்கு வாய் வராது.

நாம் செய்யக்கூடியது வேறு. தேரிக்காட்டிலும் பண்ருட்டியிலும் வயதான மரங்களுக்குப் பதில் நல்ல ஒட்டுக்கன்று நட்டு நம் விளைச்சலைக் கூட்டலாம். முழுப்பருப்பைச் சிதறாமல் எடுக்கும் அந்தப் பெண்களின் கைத்திறனைக் கூலிவேலையாகப் பார்க்காமல், தொழில்திறனாக மதித்துச் சம்பளம் தரலாம். முத்துக்குளிப்பு 1961-ல் நின்றபோது தூத்துக்குடியைத் தாங்க உப்பும் மீனும் நூற்பாலையும் துறைமுகமும் இருந்தன. கினி-பிசாவுக்கு இன்றுவரை அப்படி இரண்டாவது பிழைப்பு அமையவில்லை.

வரும் ஏப்ரலில் அங்கே மறுபடி முந்திரி பழுக்கும். மழைக்கு முன் கொட்டை பொறுக்கப்படும். ஆவணி, புரட்டாசிக்குள் அந்த மூட்டைகள் நம் கரைக்கு வந்துவிடும். தீபாவளிக்கு முந்திரி வாங்கும்போது, விலையோடு சேர்த்து அந்த நாட்டின் பெயரையும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.