பதிவு இல்லை என்பது பாதுகாப்பு ஆகாது: நார்கொண்டம் எரிமலையை முன்வைத்து

“பதிவு செய்யப்பட்ட வெடிப்பு எதுவும் இல்லை.” நார்கொண்டம் தீவைப் பற்றிய குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் தொடர் இது. பலரும் இதனை “வெடித்ததில்லை, இனி வெடிக்கவும் போவதில்லை” என்று பொருள்கொள்கின்றனர். அப்பொருள் அத்தொடரில் இல்லை என்பதே என் வாதம்.

வட அந்தமானுக்குக் கிழக்கே, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கடலிலிருந்து செங்குத்தாக எழும் தீவு நார்கொண்டம். பரப்பு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர். உயரம் 710 மீட்டர். எரிகுழம்பும் சாம்பலும் மாறி மாறிப் படிந்து உயர்ந்த அடுக்கு எரிமலை அது. அதன் பாறைகள் ஆண்டசைட்டு, டேசைட்டு வகையைச் சேர்ந்தவை. இவ்வகைக் குழம்பு இறுகியது. உள்ளிருக்கும் வளிமங்களை எளிதில் வெளியேற விடாது. ஆகவே இத்தகைய மலைகள் வெடிக்கும்போது சீற்றத்துடன் வெடிக்கும் இயல்புடையவை.

இனி, அந்தப் பதிவேட்டை எழுதியவர் யார் என்று பார்ப்போம். நார்கொண்டத்தில் தொன்றுதொட்டு வாழ்ந்த குடிகள் என எவரும் அறியப்படவில்லை. காவல் துறையின் புறக்காவல் நிலையம் அமைந்ததே 1969-இல்தான். அந்தமான் கடலைப் பற்றிய தொடர்ச்சியான எழுத்துக் குறிப்புகள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தொடங்குகின்றன. தெற்கே உள்ள பாரன் தீவு எரிமலை பற்றிய முதல் வெடிப்புக் குறிப்பும் 1787-ஐச் சேர்ந்ததே. அந்த மலையும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அடங்கிக் கிடந்து, 1991-இல் மீண்டும் வெடித்தது. மலையின் வாழ்நாளோ இலட்சக்கணக்கான ஆண்டுகள். நம் ஏட்டின் வயதோ இருநூற்றுச் சொச்சம்.

மும்பைத் தமிழர்க்கு இது புதிய பாடம் அன்று. 2005 சூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவாயிற்று. அதே நாளில் கொலாபாவில் பெய்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாந்தாகுரூசில் மழைமானி இல்லாதிருந்தால், ஏட்டில் அது ஒரு சாதாரண மழைநாளாகவே நின்றிருக்கும். ஆனால் மித்தி ஆற்றங்கரைக் குடியிருப்புகள் அப்போதும் மூழ்கியேயிருக்கும். கருவி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே பதிவு அமைகிறது.

நார்கொண்டம் அமைந்துள்ள அதே எரிமலை வளைவில், சுமத்ராவின் சினாபுங் மலை இன்னும் தெளிவான சான்று. 1600-க்குப் பின் வெடித்த மலைகளை முதல் வகையாகவும், அவ்வாறு பதிவு இல்லாதவற்றை இரண்டாம் வகையாகவும் இந்தோனேசியா பிரித்து வைத்திருந்தது. சினாபுங் இரண்டாம் வகையில் இருந்ததால் அதற்குத் தொடர் கண்காணிப்பு இல்லை. 2010 ஆகஸ்டில் அது வெடித்தது. அதன் பின்னரே முதல் வகைக்கு மாற்றப்பட்டது. 2014-இல் மீண்டும் சீறியபோது உயிர்களும் பலியாயின.

“ஆளில்லாத் தீவுக்கு இவ்வளவு கவலை ஏன்?” என்று கேட்கலாம். நார்கொண்டம் இருவாட்சி என்னும் பறவை உலகில் வேறெங்கும் இயற்கையில் வாழ்வதில்லை. அண்மைக் கணிப்பின்படியும் அவற்றின் தொகை ஏறத்தாழ ஆயிரமே. ஓர் இனம் முழுவதும் ஒரே எரிமலையின் சரிவில் குடியிருக்கிறது. அங்கே கடலோரக் காவல்படை ரேடார் அமைக்கும் திட்டத்தை 2012-இல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் மறுத்தார். 2014-இல் அடுத்த அரசு அனுமதி அளித்தது. பறவையா, பாதுகாப்பா என்றே அவ்விவாதம் பெரிதும் நடந்தது. இரண்டையும் தாங்கி நிற்கும் மலையைப் பற்றிப் போதிய அளவு பேசப்படவில்லை.

நார்கொண்டம் நாளையே வெடிக்கும் என்று நான் கூறவில்லை. நம் வாழ்நாளில் அது அமைதியாகவே இருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் அவ்வமைதியை ஏட்டின் வெறுமையிலிருந்து ஊகிக்காமல், மலையிடமே கேட்டறிய வேண்டும். சாம்பல் அடுக்குகளின் வயதைக் கணித்தல், நில அதிர்வைத் தொடர்ந்து அளத்தல், செயற்கைக்கோள் வழியே மலையுருவின் மாற்றத்தைக் கவனித்தல் ஆகிய மூன்றும் முறையாக நடைபெற வேண்டும். தரவுகள் பொதுவெளியில் கிடைக்க வேண்டும். இவற்றுக்குக் காட்டை வெட்டிச் சாலை போட வேண்டியதில்லை. ஞாயிற்றொளியில் இயங்கும் சிறு கருவியால் இருவாட்சியின் கூட்டுக்கு இடையூறு நேராதவாறு பார்த்துக்கொள்ள முடியும்.

அதுவரை, “பதிவு செய்யப்பட்ட வெடிப்பு இல்லை” என்று எழுதும்போது, “நம் பதிவு இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டது” என்றும் சேர்த்தெழுதுவதே நேர்மை. புவியியல் துறை நண்பர்களுக்கு மாற்றுக் கருத்து இருப்பின் எழுதுக, உரையாடுவோம்.

— வாஷி, நவி மும்பை