மதுரை – பலாலி: தூரம் 217 கிலோமீட்டர், நேரம் ஒன்பதரை மணி

மதுரை விமான நிலையத்திலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். வைப்பாற்றுப் பக்கமும் போகாது, கொழும்புக்கும் போகாது. கிட்டத்தட்ட யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் போய் முட்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 9.8 பாகையில் இருக்கின்றன. இடைவெளி சுமார் 217 கிலோமீட்டர்தான். சென்னை இதைவிட இரண்டு மடங்கு தூரம் (416 கி.மீ.). கொழும்பு விமான நிலையம்கூட 350 கி.மீ.

ஆனால் மதுரையிலிருந்து பலாலிக்கு நேரடி விமானம் இல்லை. 2025 மார்ச் 30 அன்று திருச்சி–யாழ்ப்பாணம் சேவையை இண்டிகோ தொடங்கியது. நல்ல விஷயம். ஆனால் சிம்மக்கல்லில் இருந்து கிளம்புகிறவருக்கு என்ன கணக்கு? மாட்டுத்தாவணி போக அரை மணி. மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை தாண்டி திருச்சி சேர மூன்று மணி. அங்கிருந்து புதுக்கோட்டை ரோட்டில் விமான நிலையம் போக முக்கால் மணி. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே ஆஜர். விமானம் ஒரு மணி. இறங்கி முத்திரை வாங்கிப் பெட்டி எடுக்க முக்கால் மணி. யாழ் நகருக்குப் போக இன்னும் அரை மணி. மொத்தம் ஒன்பதரை மணி! நேர்த் தூரத்தை இதால் வகுத்தால் மணிக்கு 23 கி.மீ. நம்ம டவுன் பஸ் வேகம்தான்.

அந்த "விமானம் ஒரு மணி" என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. திருச்சி–பலாலி நேர்த் தூரம் 184 கி.மீ. ஏடிஆர் விமானம் உயரத்தில் மணிக்கு 500 கி.மீ. வரை போகும். அப்படியானால் 22 நிமிடம் போதுமே? போதாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் தூரம் குறைந்தால் குறைவதில்லை. காமர்ஸ் பாஷையில் சொன்னால் இவை நிலையான செலவு. அதனால்தான் குட்டிப் பயணங்களில் விமானத்தின் வேகத்தால் பெரிய லாபம் இல்லை. நேரத்தைத் தின்பது தரை.

"திருச்சி பக்கம்தானே, மதுரைக்குத் தனியாக எதற்கு?" என்று கேட்பார்கள். தினமும் கேட்கவில்லை. வாரம் இரண்டு முறை, எழுபது சொச்சம் இருக்கை உள்ள ஒரு ஏடிஆர். ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. மகன் இங்கே, அம்மா அங்கே என்று பிரிந்து கிடக்கும் குடும்பங்களுக்குக் கடவுச்சீட்டு, அனுமதி என்று வேறு தடைகளும் உண்டு. விமானம் வந்தால் அவை தீர்ந்துவிடாது. ஆனால் அனுமதி உள்ளவராவது சாவுக்கு நேரத்தோடு போய்ச் சேரலாம். காலையில் செய்தி வந்து, திருச்சி விமானத்தைத் தவறவிட்டால் அன்றைக்கு எடுக்கிற உடலை அவர் பார்க்க முடியாது.