ஷ்ரோடிங்கரின் பூனையும் நம் கருத்தரங்குகளும்

இலக்கியக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு பூனை அடிக்கடி வந்து போகிறது. நாவலின் முடிவு தெளிவாக இல்லையா, ஷ்ரோடிங்கரின் பூனை. கவிதைக்கு இரண்டு பொருள் தோன்றுகிறதா, அதே பூனை. சென்ற மாதம் நாம் சென்றிருந்த கருத்தரங்கொன்றில் கட்டுரை வாசித்த நண்பர் இன்னும் ஒரு படி மேலே போனார். வரலாறு என்பது பிரதிகளின் தொகுப்பு. பார்ப்பவன் இன்றி யதார்த்தமே இல்லை என்பதைக் குவாண்டம் இயற்பியல் நிரூபித்துவிட்டது. ஆகவே கீழ்வெண்மணியில் உண்மையில் என்ன நடந்தது என்ற கேள்வியே காலாவதியாகிவிட்டது என்றார். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் இதை எழுதவைக்கிறது.

நாம் இயற்பியல் படித்தவரல்லோம். தமிழிலக்கியம் கற்பித்து ஊதியம் பெறுபவர். ஆனால் ஒரு சொல்லை அது பிறந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது எம் துறையின் பால பாடம். ஷ்ரோடிங்கர் 1935-இல் அந்தப் பூனையைக் கொண்டுவந்தது, அது ஒரே நேரத்தில் செத்தும் பிழைத்தும் இருக்கிறது என்று சொல்வதற்காக அன்று. சமன்பாட்டை அப்படியே அன்றாட உலகுக்கு நீட்டினால் எத்தகைய அபத்தத்தில் போய் முடியும் என்று எள்ளுவதற்காக. அங்கதத்தை அங்கதம் என்று அறியாமல் படிப்பது வாசகனுக்கு நேரக்கூடிய பெரும் விபத்து. (திருவள்ளுவமாலையில் ஔவையார் பெயரால் வழங்கும் செய்யுள் குறளின் சொற்செறிவைப் புகழ்வது, அதை அணுப்பிளவுக்குச் சான்றாக்கியவர்களும் நம்மவர்களே.)

அடுத்து, அந்தப் 'பார்ப்பவன்'. வியன்னாவில் ஆண்டன் சைலிங்கரின் குழுவினர் 1999-இல் 60 கரியணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை நுண்பிளவுகளின் வழியே அனுப்பி, அவை அலைபோல் குறுக்கிட்டு வரிகள் உண்டாக்குவதைக் காட்டினர். 2003-இல் சற்றே பெரிய, 70 கரியணு மூலக்கூறுகளைக் கொண்டு இத்தகைய சோதனையைச் செய்தபோது, வெற்றிடக் கலத்தினுள் சிறிது வாயுவைப் புகவிட்டனர். வாயுவின் அளவு கூடக்கூட வரிகள் மங்கின. எவரும் உற்றுப் பார்க்கவில்லை. வாயு மூலக்கூறொன்று வந்து மோதி, கடந்துபோனதன் தடயத்தைச் சுமந்து சென்றதே போதுமானதாயிருந்தது. இயற்பியலின் 'நோக்குதல்' பெரும்பாலும் இத்தகைய மோதலே. அங்கே மனத்துக்கோ சித்தாந்தத்துக்கோ வேலையில்லை.

அப்படியானால் விந்தை ஏதுமில்லையா? உண்டு. நம் நண்பர்கள் சொல்வதைக் காட்டிலும் அதிகமாகவே உண்டு. தாகூரும் ஐன்ஸ்டைனும் 1930 ஜூலையில் பெர்லினை அடுத்த கபூத்தில் சந்தித்தபோது, வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் மேசை அங்கேயே இருக்கும் என்றார் ஐன்ஸ்டைன். மனிதனை விலக்கிய உண்மை இல்லை என்றார் தாகூர். கவிஞரே வென்றார் என்று எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நிகழ்ந்ததோ வேறு. தனித்தனி அறைகளில் தேர்வெழுதும் இரட்டையர் இருவரின் விடைகள் ஒத்துப்போனால், முன்பே பேசி மனனம் செய்து வந்திருக்கிறார்கள் என்று தேர்வு மேற்பார்வையாளராகிய நாம் ஐயுறுவோம். முன்பே மனனம் செய்த விடைகள், அறைக்கு அறை சைகையும் இல்லை என்றால், அந்த ஒற்றுமைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று 1964-இல் ஜான் பெல் கணக்கிட்டுக் காட்டினார். துகள்கள் அந்த வரம்பை மீறின. 1972-இல் கிளௌசரும் ஃப்ரீட்மனும், 1982-இல் ஆஸ்பேயும் அளந்தனர். 2015-இல் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், ஒளிகூட இடையே செய்தி கொண்டுபோக நேரம் தராமல் அளந்தனர். கிளௌசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. முன்பே நிர்ணயமான விடைகள், தொலைவுக்குத் தாவாத தாக்கம் ஆகிய இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள இயலாது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் முடிவு. ஐன்ஸ்டைன் விரும்பிய உலகம் இதுவன்று. ஆனால் பார்ப்பவரின் விருப்பத்துக்கு வளையும் உலகமும் அன்று. அந்த வரம்பு எவ்வளவு மீறப்படும் என்பதைக் கோட்பாடு முன்னரே எண்ணாகச் சொல்கிறது. அளந்தால் அந்த எண்ணே வருகிறது. எத்தனை பேர் கைதட்டினாலும் அது மாறாது.

இத்தகைய கறாரான ஓர் அறிவைக் கொண்டு வந்துதான் 1968 டிசம்பர் 25 இரவின்மேல் புகை மூட்டுகிறார் நண்பர். ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். குற்றஞ்சாட்டப்பட்டவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இரண்டும் நிகழ்ந்தவை. அத்தனை உடல்களும் அத்தனை காற்றும் நெருப்பும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த இடத்தில், வரிகள் மங்காதிருக்க ஒரு நொடியின் மிகச் சிறு பின்னமும் கிடைத்திராது. பார்ப்பவர் வந்து முடிவு செய்யட்டும் என்று எதுவும் அங்கே காத்திருக்கவில்லை. சாட்சிகள் முரண்படலாம், ஆவணங்கள் பொய் சொல்லலாம். அவற்றை ஒப்புநோக்கிச் சலித்தெடுக்கும் உழைப்பு வேறு, அந்த உழைப்பே தேவையில்லை என்று அறிவித்துவிடுவது வேறு.

இந்தப் பிழையில் எமக்கும் பங்குண்டு. பல்லாண்டுகள் முதுகலை வகுப்பில் தெரிதாவையும் ஹைசன்பர்கையும் ஒரே மூச்சில் சொல்லி வந்தோம். இயற்பியல் இளங்கலை முடித்துத் தமிழுக்கு வந்த மாணவி ஒருத்தி, "ஐயா, அந்தச் சமன்பாட்டைப் பலகையில் எழுத முடியுமா?" என்று பணிவாகத்தான் கேட்டாள். இயலவில்லை. அவளே எழுந்து வந்து எழுதினாள். இருப்பிடத்தின் பரவலும் உந்தத்தின் பரவலும் பெருகி வரும் தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போகாது என்ற ஒற்றை வரி. அதில் 'எல்லாம் நிச்சயமற்றது' என்பதற்கு இடமே இருக்கவில்லை.

நண்பரின் கட்டுரை நூலாகவிருப்பதாக அறிகிறோம். வெண்மணி பற்றிய அந்தப் பத்தியை நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். பூனையை வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும்.