பல் வைத்தியர் எத்தனை நாள் பல்லைக் கடிப்பார்?

பிறர் வலியைத் தீர்ப்பவருக்கும் வலி உண்டோ என்று நம் நாட்டிலே எவரும் கேட்பதில்லை. பல் வைத்தியரைப் பற்றிக் கேட்பார் அறவே இல்லை. காலையில் அரசாங்க வைத்தியசாலையிலே நோயாளியின் வாய்க்கு மேல் குனிந்தவர், கடமை முடிந்த கையோடு பட்டணத்துச் சிகிச்சை நிலையத்திலே மீண்டும் குனிகிறார்; இரவு ஒன்பது மணிக்கே நிமிர்கிறார். கழுத்தும் முதுகும் நோகின்றன. படுத்தாலும் உறக்கம் வருவதில்லை. இன்று பிடுங்கிய பல்லின் வேர்நுனி உள்ளே தங்கிவிட்டதோ? அந்தப் பிள்ளைக்கு அடைத்த பல் தாங்குமோ? சில ஆண்டுகள் சென்றபின் கேள்வியே மாறிவிடுகிறது: “நான் இத்தொழிலுக்குத் தகுதியானவன்தானா?”

இதனை மனப்பலவீனம் என்பாரும், பணம் சேர்ந்ததால் வந்த சொகுசு என்பாரும் நம்மிடையே உளர். இரண்டும் தவறு. இலவச சிகிச்சை நிலையங்களிலே தொண்டாற்றியவர்கள் உள்ளம் கருகி ஓய்ந்து போவதைக் கண்ட ஹேர்பேர்ட் புரொய்டன்பேர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், 1974இலே அதைப்பற்றி எழுதினார். சோம்பேறிகளையன்று, மிகுந்த ஈடுபாட்டோடு உழைத்தவர்களையே இந்நிலை பற்றுகிறது என்பது அவர் கண்ட உண்மை. உலக சுகாதார நிறுவனமும் 2019இலே இதனை நோயென்று கூறாது, வேலைத்தலத்திலே நெடுநாள் தீர்க்கப்படாது கிடந்த நெருக்கடியின் விளைவென்றே வரையறுத்தது. ஆகவே குற்றவாளியைத் தேடுவோர் வைத்தியரின் உள்ளத்தை மட்டும் சோதித்தாற் போதாது. அவருடைய வேலைத்தலத்தையும் சோதித்தல் வேண்டும்.

இச்சோர்வுக்கு மூன்று அடையாளம் சொல்வார்கள். உடலும் உள்ளமும் வற்றிப்போதல் ஒன்று. எதிரே இருப்பவரை மனிதராகக் காணாது பொருளாகக் காணுதல் மற்றொன்று. பல் வைத்தியத்திலே ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் இலக்கமுண்டு. கீழ்த்தாடையின் இடப்புற முதற் கடைவாய்ப்பல் 36 ஆகும். “அடுத்த முப்பத்தாறை வரச் சொல்லுங்கள்” என்று ஒரு வைத்தியர் தாதியிடம் கூறத் தொடங்கினால், அவர் கொடியவராகி விட்டார் என்பது பொருளன்று. களைத்துவிட்டார் என்பதே பொருள். மூன்றாவது அடையாளம், தான் எதையுமே சாதிக்கவில்லை என்ற எண்ணம். தன்னையே ஐயுறும் நோய் குடியேறுவது இங்கேதான்.

ஏன் பல் வைத்தியருக்கு இது இத்துணை இலகுவாக வருகிறது? பெருஞ் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியரின் நோயாளி மயங்கிக் கிடப்பார். பல் வைத்தியரின் நோயாளியோ விழித்திருந்து, அச்சத்தோடு அவர் முகத்தையே நோக்குவார். கீழ்த்தாடை நரம்பை மரக்கச் செய்ய ஊசி ஏற்றுகிறோம். அந்நரம்பின் இருப்பிடம் ஆளுக்காள் சற்றே வேறுபடும். வேறு காரணங்களும் உள. தேர்ந்த கைகளிலும் அவ்வூசி சில வேளைகளிற் பலிப்பதில்லை. பாடநூலிலே இது உண்டு. ஆயினும் நோயாளி “ஐயோ” என்று அலறும் கணத்திலே எந்த இளம் வைத்தியருக்குப் பாடநூல் நினைவுக்கு வரும்? தம் கைதான் பிழைத்தது என்றே முடிவுகட்டுவார். மற்றொன்று, பல் பிடுங்கிய குழியிலே இரத்தம் உறைந்து நிற்காது கலைந்துவிட்டால், இரண்டு மூன்று நாளிலே கடும் வலி எழும். நோயாளி திரும்பி வந்து, “நீங்கள் பிடுங்கின பிறகுதானே டொக்டர் இப்படி நோகுது” என்பார். அவர் சொல்வதிலே பொய்யில்லை. வைத்தியரிலே குற்றமும் இல்லாதிருக்கலாம். இரண்டும் ஒருங்கே உண்மையாதல் கூடும் என்பதை நம் வைத்தியக் கல்வி போதிய அளவு கற்பிக்கவில்லை என்பது எமது கருத்து.

இனி, நம் சமுதாயம் செய்யும் கொடுமைக்கு வருவோம். உயர்தரப் பரீட்சையிலே உயிரியல் கற்ற பிள்ளையின் வெட்டுப்புள்ளி வெளியானதும், ஊர் முழுதும் கேட்கும் கேள்வி ஒன்றே. மருத்துவ பீடத்துக்குச் சிறு புள்ளியால் தவறிப் பேராதனைப் பல் வைத்திய பீடத்துக்குத் தெரிவான பிள்ளையை நோக்கி, “பாவம், மெடிசின் கொஞ்சத்தாலை தவறிப் போச்சு” என்கிறோம். துக்க வீட்டிற் பேசும் குரலிலே இதனைச் சொல்கிறோம்! நாடெங்கிலுமிருந்து சில நூறு பிள்ளைகள் மட்டும் எட்டும் இடத்தை எட்டிய ஒருவர், தோற்றவர் என்ற முத்திரையோடு படிப்பைத் தொடங்குகிறார். பின்னர் முதல் நியமனம் எங்கோ ஒரு தூர மாவட்டத்திலே. தமிழர் சிங்களக் கிராமத்துக்கும் சிங்களவர் தமிழ்க் கிராமத்துக்கும் செல்கின்றனர். நோயாளியின் வலியை அவர் மொழியிற் கேட்டறிய இயலாத வைத்தியருக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும்?

பொருளாதாரச் சுமை வேறு. 2022இலே ரூபாய் சரிந்தபோது, கதிரை முதல் அடைக்கும் பசை வரை இறக்குமதியையே நம்பும் இத்தொழில் பெரிதும் அடிபட்டது. கடன் வாங்கிச் சிகிச்சை நிலையம் அமைத்தவர் மாலை வேலையைக் குறைக்க அஞ்சுகிறார். பருவம் பொய்த்தாலும் வங்கித் தவணை பொய்க்காது என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

செய்யத்தக்கது யாது? 2005இலே பின்லாந்தின் பொதுச் சேவையிலுள்ள 1900க்கும் மேற்பட்ட பல் வைத்தியரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. வேலைப்பளு மிகுந்தபோதும் ஊக்கம் குன்றாது நிற்கத் துணைசெய்தவற்றுள், சக வைத்தியரோடு கொண்ட தொடர்பும், பல்வகைத் திறனைக் காட்ட இடமளிக்கும் வேலையும் இருந்தன. நம்மவரோ தனித்தனி அறையிலே அடைபட்டு, பக்கத்துத் தெருவிலிருக்கும் சக வைத்தியரைப் போட்டியாளராகவே காண்கின்றனர். பலிக்காத ஊசியையும், உடைந்த வேரையும், முறிந்து உள்ளே தங்கிய கருவியையும் பற்றி ஒருவர் மற்றவரிடம் வாய்திறந்து பேசுதல் வேண்டும். மூத்தவர்களே முதலிற் பேசுதல் வேண்டும். இளையவர் தொடங்குவாரென்று எதிர்பார்த்தல் நியாயமன்று. கிழமையில் ஒரு மாலையேனும் சிகிச்சை நிலையத்தைப் பூட்டலாம். உறக்கமின்மையும் மனவிருளும் வாரக்கணக்கில் நீடித்தால் உளமருத்துவரை நாடுவதில் இழுக்கென்ன? 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கம் வைத்தியர்களுக்கும் உரியதே.

நோயாளிகளாகிய நமக்கும் பங்குண்டு. வலி தாங்காத நாளிலே ஓடிவந்து, “பிடுங்கி எறியுங்கோ” என்று ஆணையிட்டு, காப்பாற்றக்கூடிய பல்லையும் பிடுங்கச் செய்கிறோம். காக்கக் கற்றவரைப் பிடுங்குபவராக மட்டுமே வைத்திருந்தால் அவர் சாதித்தேன் என்று எதைச் சொல்வார்? இந்நாட்டு ஆண்களிடையே முன்னணியில் நிற்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. வயலிலே வெற்றிலையும் புகையிலையும் மென்று நிற்கும் கமக்காரர் (அப்புகையிலையை விளைவிப்பவரும் நம்மவரே, அது வேறு கதை) வாயிலே ஒரு வெண்படை தோன்றியதும் பல் வைத்தியரிடம் காட்டினால், உயிரே தப்பலாம். நோகவில்லையே என்று காத்திருத்தல் ஆகாது. தொடக்கத்தில் அது நோவதில்லை.