கையெழுத்துக்கு முன்னால் ஏஐயைக் கேட்டால் என்ன குத்தம்?

"வாடகைப் பத்திரத்தைக்கூட ஏஐகிட்ட காட்டித்தான் புரிஞ்சுக்கணுமா? பி.காம் படிக்கிற பசங்கதானே நீங்க?"

கேட்டவர் நண்பனின் மாமா. வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் வழக்கம்போல ராத்திரி படுத்த பிறகுதான் வந்தது. இதோ.

பி.காமில் வணிகச் சட்டம் படித்தோம்தான் மாமா. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். ஆஃபர், அக்செப்டன்ஸ், கன்சிடரேஷன், ஐந்து மார்க் கேள்வி. இங்கிலாந்தில் 1934இல் நடந்த லெஸ்ட்ரேஞ்ச் வழக்குகூடத் தெரியும். சிகரெட் விற்கும் மெஷின் வாங்கிய ஒரு அம்மா பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மெஷின் ஓடவில்லை. படிக்காதது உன் பாடு என்று கோர்ட் அனுப்பிவிட்டது. இதையெல்லாம் எழுதி மார்க் வாங்கினோம். ஆனால் ஒரு நிஜ வாடகைப் பத்திரத்தை எந்த வகுப்பிலும் கண்ணால் பார்த்ததில்லை.

பார்த்தது போன ஜூனில். நாலு பேர் சேர்ந்து சேலையூரில் வீடு பிடித்தோம். வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000. ஜெராக்ஸ் கடையில் பழைய பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றி அடித்த அக்ரிமெண்ட். (அதிலும் ஒரு இடத்தில் யாரோ ஒருவரின் அப்பா பெயர் அப்படியே இருந்தது!) இங்கிலீஷில் ஐந்து பக்கம். ஒரே வாக்கியம் அரைப்பக்கம் ஓடுகிறது. புரோக்கர், "எல்லாம் ஸ்டாண்டர்ட்தான் தம்பி, போடுங்க" என்கிறார்.

பெயர், ஆதார் நம்பர் எல்லாவற்றையும் மறைத்துப் போட்டோ எடுத்து சாட்ஜிபிடியிடம் கொடுத்தேன். "ஒவ்வொரு ஷரத்தும் எங்களுக்கு என்ன செலவு வைக்கும், தமிழில் சொல்" என்று கேட்டேன். ஏழாவது ஷரத்தில் நின்றது. 11 மாதம் முடியாமல் காலி செய்தால் முழு அட்வான்ஸும் போச்சு. அதாவது ஒருத்தனுக்கு 15,000. எங்களில் ஒருவனுடைய அப்பா அதை வட்டிக்கு வாங்கிக் கொடுத்திருந்தார்.

மாமாவின் வாதம், "ஏஐ தப்பாச் சொல்லும்." சொல்லும்தான். எங்களுக்கே சொன்னது. அட்வான்ஸ் இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று அடித்துவிட்டது. அது மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம். மாநிலம் ஏற்றால்தான் செல்லும். தமிழ்நாட்டுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் மூன்று மாதம், அதுவும் வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான். சட்டத்தையே திறந்து பார்த்ததால் தப்பித்தேன். இல்லாவிட்டால் ஓனரிடம் போய் வீரவசனம் பேசி மூக்குடைந்திருப்பேன்.

ஆனால் ஏழாவது ஷரத்து வேறு விஷயம். அது பேப்பரில் இருக்கிறது. ஏஐ சொன்னதையும் அந்த வரியையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க என்னால் முடியும். நாட்டில் என்ன சட்டம் என்று கேட்டால் கதை விடலாம். இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். நியூயார்க்கில் 2023இல் அபராதம் கட்டிய வக்கீல்கள் இல்லாத வழக்குகளை ஏஐயிடம் வாங்கி, சரிபார்க்காமல் கோர்ட்டில் கொடுத்தவர்கள். அவர்களே வக்கீல்கள்தான், மாமா.

"வக்கீலைப் பார்க்கணும்" என்பது அடுத்த உபதேசம். 12,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு யார் வக்கீலைப் பார்த்தார்கள்? நீங்கள் பார்த்தீர்களா? நாங்கள் ஏஐயை விட்டால் போகிற இடம் வக்கீல் ஆபீஸ் இல்லை, புரோக்கரின் "ஸ்டாண்டர்ட்தான் தம்பி". ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி அபராதம் எவ்வளவு எழுதியிருந்தாலும் அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்று கோர்ட்டில் வாதாடலாமாம். 15,000 ரூபாய்க்குக் கோர்ட் ஏறுவது யார்?

கடனும் இப்படித்தான். வங்கி, நிதி நிறுவனம் எதுவானாலும் தனிநபர் கடனுக்கு எல்லாச் செலவும் சேர்ந்த வருட வட்டியை ஒரு தாளில், வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2024 அக்டோபர் 1 முதல் புதுக் கடன்களுக்கெல்லாம் உண்டு. போன் கடையில் அதைக் கேட்டுப் பாருங்கள். "ஓடிபி சொல்லுங்க ப்ரோ" என்பார்கள். இன்றைக்குக் கையெழுத்து அதுதான்.

ஓனர் நல்ல மனுஷர். ஏழாவது ஷரத்தைக் காட்டியதும் அவரே முழித்தார், அவரும் படித்ததில்லை. அடித்துவிட்டு "ஒரு மாத வாடகை" என்று எழுதி ஓரத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை என்ற பன்னிரண்டாவது ஷரத்து மட்டும் அப்படியே நிற்கிறது. ஏஐ அதையும் சொல்லியிருந்தது. நான்தான் ஏழோடு நிறுத்திவிட்டேன்.