முகத்துவாரம் திறக்கிறது, முறை யாருக்கு?

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடுவதும், மீனவர்கள் பணம் திரட்டி அதை வெட்டித் திறக்க முயல்வதும், அடுத்த பருவத்தில் அது மீண்டும் தூர்ந்துபோவதும் நெடுங்காலத் துயரம். இதற்கு நிரந்தரத் தீர்வாக, சுமார் 27 கோடி ரூபாயில் நேர்கல் சுவர்கள் அமைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு கையில் எடுத்தது. கடல்நீர் தடையின்றி உள்ளே வந்தால் அதனுடன் இறால் குஞ்சுகளும் வரும். படகுகள் அச்சமின்றிக் கடலுக்குப் போகும். இவையெல்லாம் பொறியாளர்கள் செய்து முடிக்கக் கூடியவை. திறந்த வாய் வழியே வரும் இறாலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை எந்தப் பொறியாளரும் வகுத்துத் தர முடியாது. அதற்கு ஏரிக்கரையில் வாழும் வெவ்வேறு சமூகங்கள் ஒன்றையொன்று நம்பியாக வேண்டும். அதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு.

பல ஊர், பல மொழி பேசும் ஊழியர்களை ஒரே குழுவாக இணக்கமாகப் பணியாற்றப் பழக்குவது என் தொழில். இந்த ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் தடாவைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. தமிழரும் தெலுங்கரும் வட மாநிலத்தவரும், ஜப்பானிய, சீன மேலாளர்களின் கீழ் வேலை செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்த இடம். என்னைப் போன்றவர்களுக்கு வேலை தருவது இத்தகைய தொழிற்பேட்டைகளே. கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்வது, சக ஊழியர் தாங்கிப் பிடிப்பது என்றொரு பயிற்சி உண்டு. ஒரு தொழிற்சாலையில் காலை முழுவதும் அதை நடத்தினேன். நல்ல சிரிப்பு, கைதட்டல். மதிய உணவின்போது பார்த்தால் தமிழர் ஒரு மேசை, தெலுங்கர் ஒரு மேசை, ஒடிசாக்காரர்கள் மற்றொரு மேசை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, இரவுப் பணி யாருக்கு எந்த வாரம் என்பதை மேற்பார்வையாளர் தம் ஊர்க்காரர்களுக்கு ஏற்றபடி எழுதுகிறார் என்ற சந்தேகம் ஒவ்வொரு மேசையிலும் இருந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது என் விளையாட்டு அல்ல. சுவரில் ஒட்டப்பட்ட, எல்லோரும் படிக்கக்கூடிய ஒரு பட்டியல்.

அப்படி ஒரு பட்டியலைப் பழவேற்காட்டு மீனவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே வைத்திருந்தார்கள். அதற்குப் பாடு முறை என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பாதைகளே இறாலுக்குச் சிறந்த இடங்கள். அங்கே கழிகளை ஊன்றி வலை கட்டும் உரிமையைக் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டன. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பது ஊர்க்கூட்டத்தில், குலுக்கல் மூலமும் சுழற்சி மூலமும் முடிவாகும். நல்ல இடம் இன்று எனக்கு, நாளை உனக்கு. பெயரிலேயே மாதாவைத் தாங்கிய ஊரும் அம்மன் கோயில் ஊரும் இந்த ஏற்பாட்டில் ஒன்றாக நின்றன. மதம் வேறாக இருந்தது பெரிய தடையாகவில்லை.

துருக்கியின் அலன்யா நகர மீனவர்களிடமும் ஏறத்தாழ இதே வழக்கம் இருந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் குலுக்கல். பிறகு நாள்தோறும் ஓரிடம் தள்ளிப் போகும் சுழற்சி. 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரோம் அதைத் தம் நூலில் எடுத்துக்காட்டினார். அதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, அங்கே காவலர் தேவைப்படவில்லை என்பது. விடியற்காலையில் தன் முறைக்காக வருபவனே காவலன். வேறொருவன் அந்த இடத்தில் வலை போட்டிருந்தால் அவனுக்குத்தான் முதலில் தெரியும்; ஊரும் அவன் பக்கம் நிற்கும். ஒருவரையொருவர் விரும்ப வேண்டும் என்று அந்த முறை எவரிடமும் கேட்கவில்லை. ஏமாற்றினால் மறைக்க முடியாது என்ற நிலையை மட்டும் உண்டாக்கியது. அலன்யாவில் இருந்ததும் பழவேற்காட்டில் இருந்ததும் அத்தகைய நம்பிக்கைதான்.

ஆனால் பாடு முறையைப் போற்றி எழுதுவோர் ஒன்றைப் பேசாமல் கடந்துவிடுகிறார்கள். அதற்கு ஒரு வாசல் இருந்தது. அந்த வாசல் பெரும்பாலோருக்கு மூடியே இருந்தது. பட்டினவர் சமூகத்தில் பிறந்து, திருமணமாகித் தலைக்கட்டாகப் பதிவுபெற்ற ஆணுக்கே உரிமை. பட்டியல் சாதி மீனவருக்கு இடமில்லை, இருளருக்கு இடமில்லை, எந்தச் சமூகத்துப் பெண்ணுக்கும் இடமில்லை. இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி, பிடித்த இறாலைப் பற்களால் கடித்துப் பிடித்திருக்கும் ஓலைப் பறியில் போடும் இருளப் பெண்ணின் உழைப்பும் இதே ஏரியில்தான். ஆழமான இடத்தில் யாருக்கு முறை என்ற பட்டியலில் அவர் என்றும் இருந்ததில்லை. பாடு இல்லாத ஊர்கள் பங்கு கேட்டபோது மோதல்கள் வெடித்தன. உள்ளே இருப்பவர்களிடம் நம்பிக்கையை வளர்த்த அதே விதி, வெளியே நிற்பவர்களிடம் மனக்கசப்பை வளர்த்தது.

பாடு ஊர்களின் அச்சத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. இடங்கள் அப்படியே இருக்க, தலைக்கட்டுகள் பெருகின. அதனால் ஒரு குடும்பத்துக்கு முறை வரும் நாள்கள் குறைந்துகொண்டே போகின்றன. அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் வந்த பிறகு நீரும் முன்போல் இல்லை. இந்த நிலையில், 'அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று வெளியிலிருந்து ஒருவர் அறிவுரை சொன்னால், தன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்வதாகவே அது கேட்கும்.

சிலிகா ஏரியின் கதையை இங்கே நினைவுகூர வேண்டும். 1999 மே மாதம், இறால் வளர்ப்புக்காகச் சட்டவிரோதமாகப் போடப்பட்ட அடைப்புகளை மீனவர்கள் தகர்த்ததைத் தொடர்ந்து, சோரானா கிராமத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அங்கே புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. மீன்வளம் வெகுவாகப் பெருகியது. அடைப்புகளும் மீண்டும் முளைத்தன. அவற்றை அகற்றும் முயற்சி ஆண்டுக்கணக்கில் நீண்டது. நீர் சீரானதால் பங்கீடு தானாகச் சீராகிவிடவில்லை.

பழவேற்காட்டில் ஒற்றுமையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து, சாதி, மத வேறுபாடின்றிக் கடலோர ஊர்கள் திரண்டன. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. எனினும் பொது எதிரியால் வரும் ஒற்றுமை ஊர்வலம் வரை போதும். வலை விரிக்கும் இடத்தைப் பிரிக்கும்போது அது உதவுவதில்லை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால் எல்லைத் தகராறும் அவ்வப்போது தலைதூக்குகிறது. இத்தனைக்கும் அந்தப் பக்கத்து மீனவர்களில் பலர் வீட்டில் பேசுவது தமிழ்தான். மொழி தெரியாததால் வந்த சண்டை அல்ல அது.

ஆகவே மீன்வளத் துறையும் தன்னார்வ அமைப்புகளும் நல்லிணக்கக் கூட்டம் நடத்தித் தேநீர் கொடுத்து அனுப்புவதால் பயனில்லை என்பது என் கருத்து. பழைய பாடு இடங்களில் கைவைக்காமலேயே தொடங்கலாம். முகத்துவாரம் நிலைபெறும்போது நீரோட்டம் மாறும். வலை கட்டத் தகுந்த இடங்களும் மாறும், புதியனவும் உருவாகும். புதிய இடங்களில் எவருக்கும் பரம்பரை உரிமை கிடையாது. பொதுப்பணத்தால் கிடைத்த அந்த இடங்களுக்கு, பாடு ஊர்களும் பாடு இல்லாத ஊர்களும் சேர்ந்த புதிய குலுக்கல் ஒன்றை வகுக்கலாம். படகும் பெரிய வலையும் இல்லாத இருளருக்குக் குலுக்கல் சீட்டால் பயனில்லை. அவர்களுக்குத் தேவை, எவரும் வலை கட்டக் கூடாத ஆழமற்ற பகுதிகள். வரவும் செலவும் மாதம் ஒரு முறை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட வேண்டும்.

பயிற்சியாளருக்கு இதில் வேலை உண்டு, சிறிய வேலை. கூட்டம் எங்கே நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பட்டினவர் ஊர்த் திடலில் நடந்தால் இருளர் ஓரத்தில்தான் நிற்பார்கள். அவர்கள் பேசும் முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவர்களை முதலில் பேசவிட வேண்டும், பெண்கள் உட்பட. ஆந்திரத்து மீனவர்கள் வரும் நாளில் இரு மொழியிலும் குறிப்பு எழுத ஆள் வேண்டும். வடகிழக்குப் பருவமழையோடு ஏரியின் இறால் காலம் தொடங்கும். முதல் கூட்டம் அதற்கு முன்பே கூட்டப்பட வேண்டும். வலைக் கழிகள் ஊன்றப்பட்ட பிறகு எவரும் பேச வரமாட்டார்கள்.